கதவை மூடிப் பார்த்தவன்

சால்டரிங் பேஸ்ட் எரிந்த வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது என்று உனக்குத் தெரியும். இன்று மத்தியானம் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது அது மூக்கில் ஏறியது. எதிரில் இருந்தவர்கள் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

காலையில் ஒரு வண்டி வந்திருந்தது. பின்னால் வரும் வண்டியைக் காட்டும் பக்கக் கண்ணாடி சில நேரம் திரும்புகிறது, சில நேரம் திரும்புவதில்லை என்று கம்ப்ளெயின்ட். டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிந்து மடிந்து நீளும் அந்த ரப்பர் குழாயைத்தான் முதலில் பிரித்தேன். உள்ளே ஒரு வயர் முறிந்திருந்தது. பற்றவைத்தேன். அரை மணி நேர வேலை. எங்கே பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததே, அது நீ கண்டுபிடித்தது. அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். உன்னைக் காப்பாற்ற நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. நீ உயிரோடு இருந்தவரை நாம் இதைப் பேசியதும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காக்களூர் எஸ்டேட்டில் அந்த சர்வீஸ் சென்டரில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். இரண்டு பேரும் டிப்ளமோ, இரண்டு பேரும் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட்டுக்குச் சாம்பல் சட்டை, பர்மனென்ட்டுக்கு நீலம், கஸ்டமரிடம் பேசும் அட்வைசர்களுக்கு வெள்ளை. முதல் நாள் சூப்பர்வைசர் சொன்ன முதல் விதியே சாம்பல் சட்டைக்காரன் கஸ்டமர் வண்டி சீட்டில் உட்காரக் கூடாது என்பதுதான். கறை படும் என்பது காரணம். நீலச் சட்டைக்காரர்கள் அதே கிரீஸ் கையோடு, அதே அழுக்குப் பேன்ட்டோடு ஏறி உட்கார்ந்து வண்டியை வெளியே எடுப்பார்கள். அவர்கள் உடம்பில் இருப்பது கறை கணக்கில் வராது போலிருக்கிறது.

அதனால் நாம் எல்லா எலக்ட்ரிக்கல் வேலையையும் ஒரே நிலையில் பார்த்தோம். டிரைவர் கதவை முழுக்கத் திறந்து, குனிந்து, கையை மட்டும் நீட்டி சுவிட்சை அழுத்துவது. ஒரு வருடம் அப்படிக் குனிந்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் டீ குடிக்கும்போது, இதற்கும் தீண்டாமைக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கத்தினேன். நீ பன்னைக் கடித்துக்கொண்டே கேட்டாய்.

“அவ்ளோ பெரிய வார்த்தை இன்னாத்துக்குடா? இடுப்பு வலிக்குதுன்னு சொல்லு, நாற்காலி கேப்போம்.”

“கேட்டா குடுப்பானா?”

“குடுக்க மாட்டான். ஆனா உன் வார்த்தையக் கேட்டா டீயே குடுக்க மாட்டான்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வரும். உனக்கு வண்டிதான் முதலில். எல்லாரும் மீட்டரை வைத்து பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறது, வயர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். நீ பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து பாக்கெட்டில் வைத்திருந்தாய். ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பன்னிரண்டு காட்டும், பல்பு எரியாது. “கரண்டு இருக்குதான்னு மீட்டரக் கேளு, வேலை செய்யுமான்னு பல்பக் கேளு” என்பாய். ஒரு குறையைக் கண்டுபிடிக்கும்வரை உனக்குப் பசிக்காது. அதற்காகவே உன்னோடு வேலை செய்ய மற்றவர்கள் பயந்தார்கள். வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு இருந்தது. குறையைத் தேடும் நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. முழுக் கண்ணாடியையும் கழற்றிப் புதிதாகப் போட்டால்தான் நிர்வாகத்துக்கு அது வேலை.

அந்த வெள்ளைக் கார் மூன்றாவது முறையாக வந்த நாளைச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதலாளியின் கார். முதலாளி வரமாட்டார், டிரைவர்தான் வருவார். இடது பக்கக் கண்ணாடி திரும்புவதில்லை என்பார். நாம் கதவைத் திறந்து, குனிந்து, சுவிட்சை அழுத்துவோம். கண்ணாடி மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று சொன்னபடி கேட்கும். குறை ஏதுமில்லை என்று எழுதிக் கொடுப்போம். இரண்டு முறை அப்படி எழுதிக் கொடுத்திருந்தோம். மூன்றாவது முறை அவர் பேப்பரை வாங்கவில்லை.

“தம்பி, நீங்க ஒண்ணுமில்லன்னு எழுதித் தர்றீங்க. அத எட்த்துக்கினு போனா மொதலாளி என்னைப் பாத்து சிரிக்கிறாரு. ஞாயித்துக்கெழம அவரே ஓட்டுவாரு, அவர் ஒயரத்துக்குக் கண்ணாடியத் திருப்பி வச்சிடுவாரு. திங்கக்கெழம நான் போய்க்கினே சரி பண்ணப் பாத்தா அசைய மாட்டேங்குது. வானத்தக் காட்டிக்கினு இருக்குது. லெஃப்ட்ல வர்ற பைக்கு தெரியல சார்னா, ஒனக்குக் கண்ணு போச்சு, வேற டிரைவர் பாத்துக்கறேன்றாரு. அம்பத்தாறு வயசு ஆவுது. இதுக்கப்பறம் என்னை எவன் சேத்துப்பான்?”

சூப்பர்வைசரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ அதற்குள் கேட்டாய்.

“அண்ணா, கெளம்பும்போது அசையுதா?”

“கெளம்பும்போது அசையும். ஏரிக்கரையாண்ட போனா அசையாது.”

“அப்ப கதவு எப்டி இருக்கும்?”

அவர் சிரித்துவிட்டார். “இன்னா தம்பி கேக்கற? கதவத் தொறந்து போட்டுக்கினா வண்டி ஓட்டுவாங்க?”

நீ சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் எனக்கும் புரிந்துவிட்டது. இரண்டு முறையும் நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்திருந்தோம். அந்த சர்வீஸ் சென்டரில் எந்தச் சாம்பல் சட்டைக்காரனும் எந்த வண்டியையும் கதவு மூடிய நிலையில் பார்த்ததே கிடையாது. பார்க்க நமக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தவர்களுக்குப் பார்க்கிற வேலை இல்லை. ஒரு மனிதரைப் பொய்யர் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

“உள்ள ஒக்காந்து, கதவ மூடி, கொஞ்ச நேரம் வண்டிய ஓட உட்டுப் பாக்கணும்” என்றாய்.

“ரூலு தெரியும்ல?” என்றேன்.

அந்த டிரைவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து சீட்டில் விரித்தார். “ஒக்காருபா. நானும் சம்பளத்துக்கு ஒக்கார்றவன்தான். என் சீட்டுல நீ ஒக்கார்றதுக்கு எவன் இன்னா சொல்றது?”

நீ உட்கார்ந்தாய். நான் இடது பக்கம் போய் நின்று உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டேன். நடுவில் லிஃப்ட்டில் ஒரு வண்டி தொங்கிக்கொண்டிருந்ததால் மேலே இருந்த கண்காணிப்புக் கேமராவுக்கு நான் தெரியவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. நீ கதவை மூடி, எல்லா ஜன்னலையும் ஏற்றினாய். ஏர் கன் சத்தத்தில் கண்ணாடி மோட்டாரின் சன்னமான சத்தம் கேட்காது என்பதற்காக. ஏசியையும் நிறுத்தினாய், அந்தக் காற்றுச் சத்தமும் வேண்டாம் என்று. சித்திரை மாதம், தகரக் கூரை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நீ நிமிடத்துக்கு ஒரு தரம் சுவிட்சை அழுத்தினாய். என் கைக்குள் கண்ணாடி நகர்ந்தது. பிறகு நீ கண்ணை மூடிக்கொண்டாய். நன்றாகக் கேட்பதற்கு நீ எப்போதும் அப்படித்தான் செய்வாய். போனில் உன் வீட்டில் பேசும்போதுகூட.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உன் நெற்றியிலிருந்து வியர்வை இமை மேல் வழிவது எனக்குத் தெரிந்தது. நீ துடைக்கவில்லை. திடீரென்று என் உள்ளங்கையில் கண்ணாடி ஒரு முறை துடித்தது, மீன் துடிப்பதுபோல. அதன் பிறகு அசையவில்லை. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். கதவைத் திறந்து அழுத்தினாய், ஓடியது. மூடி அழுத்தினாய், நின்றது. நான்கு முறை அப்படிச் செய்து காட்டினாய். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் கதவின் ரப்பர் குழாயைப் பிரித்தபோது, அந்தக் கதவிலிருக்கும் சுவிட்சிலிருந்து இடது கண்ணாடிக்குப் போகும் ஒரு வயர் வெளியே பார்க்க முழுசாக இருந்தது. உள்ளே செம்பு முறிந்திருந்தது. கதவைத் திறந்தால் வயர் நிமிர்ந்து, முறிந்த நுனிகள் தொட்டுக்கொள்ளும். மூடினால் மடிந்து, என்ஜின் நடுக்கத்தில் விலகிவிடும். நீ பற்றவைத்து, மேலே குழாய் போட்டுச் சூடு காட்டி இறுக்கினாய். டிரைவர் ஏரிக்கரைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார்.  நீதான் கூச்சப்பட்டு, “போங்கண்ணா, சால்டரிங் சூடு இன்னும் ஆறல” என்று கையை இழுத்துக்கொண்டாய்.

மறுநாள் மேனேஜர் அறையில் கம்ப்யூட்டரில் உன் படம். கார் சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, அசையாமல்.

“ஏசி போட்டுக்கினு இருவது நிமிஷம் தூங்கியிருக்கான் சார். கஸ்டமர் வண்டில” என்றார் சூப்பர்வைசர்.

“ஏசி போடல சார். சத்தம் கேக்கறதுக்குக் கண்ண மூடினேன்” என்றாய். “அந்த டிரைவரக் கூப்ட்டுக் கேளுங்க.”

“கஸ்டமர் ஆளை இதுல இழுக்கற வேலை வச்சுக்காத” என்றார் மேனேஜர். ஜாப் கார்டை எடுத்துப் பார்க்கச் சொன்னாய். சாம்பல் சட்டைக்காரன் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட முடியாது. வேலையை முடித்ததாக அதில் ஒரு நீலச் சட்டைக்காரர் பெயர் இருந்தது.

அப்போதுதான் நீ என்னைக் காட்டினாய். “இவன் வெளிய கண்ணாடியப் புட்ச்சிக்கினு நின்னான் சார். இவனக் கேளுங்க.”

அந்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதற்கு இரண்டு பெயர் போயிருந்தது, உன்னுடையதும் என்னுடையதும். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை, நல்லதுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

“நீயும் அங்க இருந்தன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து ரூலை மீறினதா ஆவும். யோசிச்சு சொல்லு.”

நான் யோசித்தேன். எனக்கு வீடு இருந்தது, அப்பாவின் மருந்து இருந்தது, தங்கையின் படிப்பு இருந்தது. உனக்கும் இவையெல்லாம் இருந்தன. நீ முந்தின நாள் சட்டையையே போட்டிருந்தாய். அதன் முதுகில் வியர்வை காய்ந்து உப்புக் கோடாக வெளுத்திருந்தது. ஏசியில் தூங்கியவன் முதுகில் அந்தக் கோடு எப்படி வரும் என்று நான் கேட்டிருந்தால் போதும். அவ்வளவு பெரிய வார்த்தைகளை டீக்கடையில் பேசுகிறவன் நான்.

“நான் பின்னாடி பிரேக் வேலைல இருந்தேன் சார். பாக்கல.”

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வெள்ளைக் காரைப் பார்த்தாயே, குறை எங்கே இருக்கிறது என்று தேடுகிற பார்வை, அதே பார்வைதான்.

சாயங்காலம் பைக் நிறுத்தும் இடத்தில் நீ நின்றிருந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். “உட்றா” என்றாய். “ரெண்டு பேரும் வெளிய நின்னு இன்னா பண்ணப் போறோம்? ஒருத்தனாச்சும் உள்ள இரு.” பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த மாதம் எனக்கு நீலச் சட்டை கொடுத்தார்கள்.

உனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மறுபடியும் கான்ட்ராக்ட் கிடைத்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கும் உன் ஊரிலிருந்து தினமும் பைக்கில் பெரியபாளையம் வந்து, கவரைப்பேட்டை போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி. ஒருமுறை கவரைப்பேட்டையில் உன்னைப் பார்த்தேன். அந்தக் கம்பெனி எப்படி என்று கேட்டேன். “அங்க பிரச்னையே இல்லடா. ஒக்கார்றதுக்கு எதுவுமே இல்ல” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு காலை ஷிப்டுக்குப் போகும்போது, பெரியபாளையத்தைத் தாண்டி, ஒரு லாரி. ஹெல்மெட் போட்டிருந்தாய். போட்டிருந்தும் பயனில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் உன் ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “காக்களூர்ல நல்ல வேலை. தூங்கிக் கெட்த்துக்கினான். இல்லன்னா இவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போறான்?” நான் இரண்டு அடி தள்ளி மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. இதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம்தான் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, ஏசி, உப்புக் கோடு, மேனேஜர் கேட்டது, நான் சொன்னது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எங்கிட்ட இவரு எல்லாம் சொன்னாரு. உங்க பேர மட்டும் சொல்லல” என்றாள். “மாமாதான் நம்பல. தப்பு செய்யாதவன எவன் அனுப்புவான்னு கேட்டாரு. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. ஒரே ஊட்டுல அஞ்சு மாசம், அப்பனும் புள்ளையும் பேசிக்கல. பேசாமயே இவரு போய்ட்டாரு.”

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

“எனக்குச் சொல்லி இன்னாண்ணா ஆவப் போவுது? மாமா மோட்டார் கொட்டாயாண்ட இருக்காரு. அவருக்குச் சொல்லுங்க. காது மந்தம். சத்தமாச் சொல்லணும்.”

நடவு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வயலில் பத்துப் பெண்களாவது குனிந்திருந்தார்கள். உன் நைனா வரப்பில் மண்வெட்டியோடு நின்றார். நீ கூப்பிடுவதுபோலவே நானும் “நைனா” என்றேன். முதலில் மெதுவாகத்தான் சொன்னேன். “ஆங்?” என்று காதருகே கையைக் குவித்தார். மறுபடி சொன்னேன். “ஆங்? இன்னாபா, கேக்கல.” மேனேஜர் அறையில் முணுமுணுத்த பொய்யை வயல் நடுவே கத்தித்தான் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

“அவன் தூங்கல நைனா. நான் பக்கத்துலதான் நின்னேன். பாக்கலன்னு பொய் சொல்லிட்டேன்.”

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உன் நைனா மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு, நீ அன்று சொல்லி அவர் நம்பாமல் விட்டதை.

“அந்தக் கண்ணாடி, கதவத் தொறந்து வச்சா ஓடுமா?”

“ஓடும் நைனா.”

“மூடினா நின்னுடும்?”

“ஆமா. உள்ள வயரு முறிஞ்சிருந்துது. மடியும்போது உட்டுப்போவும்.”

அவர் மோட்டார் கொட்டகைக் கதவைப் பார்த்தார். ஸ்டார்ட்டருக்குப் போகும் வயர் அந்தக் கீல் ஓரமாகத்தான் வளைந்து போகிறது, கறுப்பு டேப் சுற்றி. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“எவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தான்?”

“இருவது நிமிஷம் இருக்கும். ஜன்னலெல்லாம் ஏத்திக்கினு. காத்தே இல்ல. சட்டை முழுக்க நனைஞ்சிபோச்சு.”

 பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, ஆனால் காது கேளாதவர்களின் குரலில், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“அப்ப ஒக்காந்துதான் பாக்கணும். நின்னுக்கினு எப்டிடா பாப்பான்?”

மேனேஜரும் சூப்பர்வைசரும் நானும் சேர்ந்து சொல்லாத தீர்ப்பை, கார் ஓட்டத் தெரியாத ஒரு மனிதர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் பக்கத்து வயலைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டுக்கினீங்களா? எம்புள்ள தூங்கலயாம்” என்றார்.  இரண்டாவது முறையும் சொன்னார். அப்புறம் என்னைப் பார்க்காமலே மடையைத் திறக்கப் போய்விட்டார். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் அதையே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். “போனவன் போய்ட்டான், இப்ப எதுக்கு இது” என்று வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். விதி அப்படியே இருக்கிறது. என் சட்டை எத்தனை நாள் நீலமாக இருக்கும் என்று தெரியாது. இன்று காலை அந்த வண்டியில் பற்றவைத்து முடித்ததும், சரிபார்க்கச் சாம்பல் சட்டைக்காரன் ஒருவனை உள்ளே உட்காரச் சொல்லிக் கதவை மூடினேன். நான் வெளியே, கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றேன்.

உன் நைனாவிடம் கத்திச் சொல்லிவிட்டேன், மேனேஜரிடம் எழுதிச் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். பிரேக் வேலையில் இல்லை. கண்ணாடி நின்றபோது துடித்த துடிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. நீ கண்ணை மூடியிருந்தாய், விரல் சுவிட்சின் மேல் இருந்தது, நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்திக்கொண்டிருந்தாய். நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய்.